பள்ளிச் சுவரில் இருக்கும் அந்த வாசகம் யாருடையது? ஒரு பெண்கல்வி முழக்கத்தின் மூலத்தைத் தேடும் முறை

வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் வழியிலும், ஆற்காடு, வாலாஜாபேட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் அரசுப் பள்ளிகளின் சுற்றுச்சுவர்களைப் பார்த்துக்கொண்டே போனால், திருக்குறளுக்கும் ‘மரம் வளர்ப்போம்’ என்பதற்கும் நடுவே ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படும். ‘ஓர் ஆணுக்குக் கல்வி கொடுத்தால் அது ஒருவருக்குக் கொடுத்த கல்வி, ஒரு பெண்ணுக்குக் கல்வி கொடுத்தால் அது ஒரு குடும்பத்துக்கே கொடுத்த கல்வி’ என்பது அதன் சாரம். மார்ச் 8-ஆம் தேதி மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களிலும் கல்லூரி விழாக்களிலும் மேடையேறும் பேச்சாளர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சில சுவர்களில் ‘குடும்பம்’ என்னும் இடத்தில் ‘சமுதாயம்’ என்றும், சிலவற்றில் ‘நாடு’ என்றும், சிலவற்றில் ‘தலைமுறை’ என்றும் இருக்கும். கீழே எழுதப்படும் பெயரும் அப்படியே சுவருக்குச் சுவர் மாறும். ஓரிடத்தில் காந்தியடிகள், இன்னோரிடத்தில் நேரு, வேறோரிடத்தில் வெறுமனே ‘அறிஞர் மொழி’.

ஒரே வாசகத்தை இத்தனை பேர் சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் இதை முதலில் சொன்னவர் யார், அதைக் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும், கண்டுபிடிப்பதால் நமக்கு என்ன கிடைக்கிறது என்பதை, இத்தகைய தேடலில் பழக்கம் இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, கருத்து வேறு, வாசகம் வேறு என்பது. தாய் கற்றவளாக இருந்தால் பிள்ளைகளும் கற்பார்கள் என்னும் கருத்து மிகப் பழையது. அதற்கு ஓர் உரிமையாளரைத் தேடுவது வீண் வேலை. தமிழிலேயே 19-ஆம் நூற்றாண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காகப் ‘பெண்மதி மாலை’ பாடினார். கருத்தைத் தேடினால் எந்த நாட்டுக்கும் எந்த நூற்றாண்டுக்கும் போய்க்கொண்டே இருக்கலாம். வாசகத்துக்கு அப்படியில்லை, அதற்கென்று ஓர் உருவம் உண்டு. முதல் பாதியில் ஆண், அவனோடு ‘ஒருவர்’. இரண்டாம் பாதியில் பெண், அவளோடு ‘குடும்பம்’. தராசின் இரண்டு தட்டுகளைப் போல நிற்கும் இந்த அமைப்பு எங்கெல்லாம், எந்தெந்த ஆண்டுகளில் தென்படுகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, ஒரு வாசகத்தை ஆக்கியவர், அதை முதலில் அச்சில் ஏற்றியவர், அதை ஊரறியச் செய்தவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நாம் ‘இது இன்னார் சொன்னது’ என்று எளிதாகச் சொல்லும்போது பெரும்பாலும் மூன்றாமவரைத்தான் குறிப்பிடுகிறோம். தேடுகிறவர் கையில் கடைசியில் கிடைப்பதும் ‘முதன்முதலில் சொன்னவர்’ அல்ல, ‘இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய சான்று’ மட்டுமே. நாளை இன்னொரு பழைய நாளிதழோ கடிதமோ கிடைத்தால் அது பின்னுக்குப் போகும். இதை ஏற்றுக்கொண்டு தேடுகிறவரே நேர்மையாகத் தேட முடியும்.

பெரிய பெயர்கள் ஏன் வந்து ஒட்டிக்கொள்கின்றன?

சுவர் எழுத்து எப்படி உருவாகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் இது தானாகவே விளங்கும். மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்துக் காயவைத்த சுவரில், சுண்ணாம்புக் கட்டி தோய்த்த நூலை இரண்டு முனையிலும் பிடித்துத் தெறித்து வரிக்கோடு போட்டுக்கொள்கிறார் ஓவியர். தலைமையாசிரியர் கொடுத்த தாளில் எட்டு வாசகங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குக் கீழே பெயர் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. பெயர் இல்லாத வாசகத்துக்கு என்ன செய்வீர்கள் என்று குடியாத்தம் பக்கத்து ஓவியர் ஒருவரைக் கேட்டபோது, “பேரு இல்லாம உட்டா அந்த எடம் காலியா தெரியுது மேடம், பாக்கறவங்க இன்னா இதுன்னு கேக்கறாங்கோ. அதான் காந்தி பேரைப் போட்டுடறது. அவரு சொல்லாததா இருக்கப்போவுது?” என்றார். அவர் சொன்னதில் வஞ்சகம் எதுவும் இல்லை. நல்ல சொல் ஒன்று இருந்தால் அதை நல்லவர் ஒருவர்தான் சொல்லியிருப்பார் என்னும் எளிய நம்பிக்கை அது. அடுத்த ஆண்டு அந்தச் சுவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கும் மாணவி, அதைத் தன் பேச்சுப் போட்டியில் காந்தியடிகள் சொன்னதாகவே சொல்வாள். போட்டி மலரில் அது அச்சேறும். பிறகு அந்த மலரே சான்றாகிவிடும்.

தமிழர்களுக்கு இது புதிதே அல்ல. சங்கப் பாடல் பாடிய ஔவையாருக்கும் ஆத்திசூடி பாடிய ஔவையாருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. ஆயினும் மூதுரையும் நல்வழியும் ஊர்ப்பக்கத்துக் கதைப்பாட்டுகளும் ஒரே கிழவியின் பெயரில் சேர்ந்துவிட்டன. தனிப்பாடல் திரட்டில் கம்பர் பெயரிலும் காளமேகம் பெயரிலும் நிற்கும் பாடல்களின் கதையும் இதுதான்.

எனவே ஒரு வாசகத்தின் கீழே பெரிய பெயர் இருந்தால், அந்தப் பெயரோடு இடமும் நாளும் இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. காந்தியடிகளின் எழுத்தும் பேச்சும் 100 தொகுதிகளாக ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டு, இணையத்தில் எவரும் புரட்டும்படி இருக்கின்றன. எந்தத் தொகுதி, எந்தக் கூட்டம், எந்த ஆண்டு என்று ஒன்றுமே சொல்லாமல் ‘காந்தி சொன்னார்’ என்று மட்டும் வரும் வாசகத்தை, சான்று காட்டப்படும் வரை ஏற்க வேண்டியதில்லை. உலகெங்கும் அவர் பெயரில் உலவும் ‘நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பதுகூட அந்தச் சொற்களில் அவருடைய எழுத்தில் கிடைக்கவில்லை. 1913-இல் அதற்கு நெருங்கிய கருத்து ஒன்றை அவர் எழுதியிருக்கிறார், அவ்வளவே.

வட கரோலினாவிலிருந்து கானாவின் அக்ரா வரை

நம் வாசகத்துக்கு வருவோம். இது ஆப்பிரிக்கப் பழமொழி என்று சொல்லும் சுவரொட்டிகள் உலகில் ஏராளம். அந்தத் தடத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால், பழமொழிக்குப் பதிலாகப் பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதர் கிடைக்கிறார். ஜேம்ஸ் எம்மன் குவெகிர் அக்ரே, இன்று கானா எனப்படும் அன்றைய கோல்டு கோஸ்டில் 1875-இல் பிறந்தவர். 1898-இல் அமெரிக்காவுக்குப் போய், வட கரோலினா மாநிலத்தின் சாலிஸ்பரி நகரில் கறுப்பின மக்களுக்கான லிவிங்ஸ்டன் கல்லூரியில் படித்து, அங்கேயே பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1920-களில் ஆப்பிரிக்கக் கல்வி நிலையை ஆராய்ந்த குழுவில் உறுப்பினராகக் கண்டம் முழுவதும் பயணம் செய்தார். கோல்டு கோஸ்டின் தலைநகரான அக்ராவுக்கு அருகில் அச்சிமோட்டா கல்லூரி தொடங்கப்பட்டபோது அங்கே பெண்களும் சேர்க்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1927-இல் அவர் இறந்த பிறகு, 1929-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு அவருடைய புகழைப் பரப்பியது. ஆப்பிரிக்காவில் இந்த வாசகம் அவர் பெயரோடுதான் வேரூன்றியது.

அக்ரேயின் பெயரில் வழங்கும் வடிவத்தில் ஒரு முன்வாக்கியம் இருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தைக் கீழேயே அழுத்தி வைத்திருப்பதற்கு மிக உறுதியான வழி, ஆண்களைப் படிக்கவைத்துவிட்டுப் பெண்களைக் கைவிடுவதுதான் என்பது அது. அதைச் சொன்ன பிறகுதான் ‘ஆணுக்குக் கல்வி, பெண்ணுக்குக் கல்வி’ என்னும் இரட்டை வரி வருகிறது. காலனியாட்சியின் கீழ் இருந்த ஒரு சமுதாயத்தை நோக்கி, அதன் அடிமைத்தனத்துக்கு அதற்குள்ளேயே இருக்கும் காரணம் ஒன்றைச் சுட்டிக்காட்டிய பேச்சு அது. நம் பள்ளிச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தபோது அந்த முன்வாக்கியம் உதிர்ந்துவிட்டது. கூர்மையான பாதி போய், எவருக்கும் மனம் நோகாத பாதி மட்டும் தங்கிவிட்டது என்பது எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

தேடல் இங்கே நின்றுவிடவில்லை. அக்ரேவுக்கு முன்பே, அவர் படித்த அதே வட கரோலினா மாநிலத்தில், சார்லஸ் டங்கன் மெக்கைவர் என்பவர் இந்த வாசகத்தைத் தம் பிரசாரத்தின் மையமாக வைத்திருந்தார். 1860-இல் பிறந்து 1906-இல் மறைந்த மெக்கைவர், பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி தரும் அரசுக் கல்லூரி வேண்டும் என்பதற்காக மாநிலம் முழுவதும் ஊர் ஊராகச் சென்று பேசியவர். 1891-இல் சட்டமன்றம் இசைந்தது. 1892-இல் கிரீன்ஸ்பரோ நகரில் கல்லூரி திறந்தது. அவரே அதன் முதல் தலைவர். ஆணுக்குக் கொடுக்கும் கல்வி ஒரு தனி மனிதருக்கு, பெண்ணுக்குக் கொடுக்கும் கல்வி ஒரு குடும்பத்துக்கு என்னும் வாசகத்தோடு சேர்த்துத்தான் அந்தக் கல்லூரி அவரை இன்றும் நினைவுகூர்கிறது.

கிரீன்ஸ்பரோவுக்கும் சாலிஸ்பரிக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் தொலைவுதான். மெக்கைவரின் வாசகம் அந்த மாநிலமெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அக்ரே அங்கே மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தார் என்பதை வைத்துப் பார்த்தால், வாசகம் போன பாதை ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது. இது என் ஊகம். ஆனால் இடமும் காலமும் பொருந்தி வரும் ஊகம். இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. மெக்கைவரின் கல்லூரி வெள்ளையினப் பெண்களுக்கு மட்டுமே உரியதாகத் தொடங்கப்பட்டது; கறுப்பின மாணவிகள் அதற்குள் நுழைந்தது 1956-இல்தான். அந்தக் கதவு திறப்பதற்கு 30 ஆண்டுகள் முன்பே, அதே வாசகத்தை ஒரு கறுப்பின ஆசிரியர் கடல் கடந்து எடுத்துப் போய்த் தம் நாட்டுப் பெண்களுக்காகப் பேசிவிட்டார்.

பாடபேதம் காட்டும் வழி

பழைய ஓலைச்சுவடிகளை ஒப்பிட்ட உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களுக்குப் பாடபேதம், அதாவது ஒரே நூலின் படிகளுக்கு இடையே காணும் சொல் வேறுபாடு, ஒரு தொல்லை மட்டும் அல்ல, துணையும் கூட. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்று அறியலாம். முழக்கங்களைத் தேடும்போதும் இதே முறை கைகொடுக்கும். ‘குடும்பம்’ என்று முடிவது ஒரு கிளை, ‘நாடு’ என்று முடிவது இன்னொரு கிளை, ‘தலைமுறை’ என்பது மற்றொன்று. ஒவ்வொரு முடிவும் எந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது என்று குறித்துக்கொண்டே போனால், யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்பது மெல்லப் புலப்படும்.

இந்த முறைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு, ‘அடக்க ஒடுக்கமான பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது’ என்னும் அமெரிக்க முழக்கம். டி-சட்டைகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் அது மர்லின் மன்றோ பெயரிலும் எலினார் ரூஸ்வெல்ட் பெயரிலும் விற்கப்பட்டது. உண்மையில் அது லாரல் தாட்சர் உல்ரிச் என்னும் வரலாற்றாய்வாளர், 1976-இல் ஆய்விதழ் ஒன்றில், பழைய நியூ இங்கிலாந்துப் பெண்களைப் பற்றிய இரங்கலுரைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தொடக்கப் பகுதியில் இருக்கும் ஒரு வாக்கியம். 1995-இல் இன்னொருவர் தம் நூலின் முகப்பில் அதை எடுத்தாண்டபோது, ‘அரிது’ என்னும் பொருள் தரும் ஒரு சொல் அதே பொருள் தரும் வேறொரு சொல்லாக மாறிவிட்டது. பிறகு வந்த சட்டைகளில் அந்த மாறிய சொல்லே இருந்ததால், அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பது வெளிப்பட்டது. உல்ரிச் அந்த வாக்கியத்தில், அடங்காமல் நடந்துகொள்ளுங்கள் என்று எவரையும் தூண்டவில்லை. வீட்டு வேலையும் பேறுகாலப் பணியும் செய்து அமைதியாக வாழ்ந்து மறைந்த பெண்களை வரலாறு எழுதுவோர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பதே அவருடைய வருத்தம். மூலத்துக்குப் போகாதவர்களுக்கு இந்த வருத்தம் கிடைக்காது.

ஆணின்றி வாழும் பெண்ணைச் சைக்கிள் இல்லாத மீனோடு ஒப்பிடும் புகழ்பெற்ற வாசகத்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். பல ஆண்டுகள் அதை அமெரிக்கப் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனெம் சொன்னதாகவே உலகம் நம்பியது. 1970-இல் சிட்னியில் மாணவியாக இருந்த இரினா டன், கடவுளைப் பற்றித் தாம் படித்த ஒரு வரியை மாற்றி, இரண்டு கழிப்பறைக் கதவுகளில் அதை எழுதியிருந்தார். 2000-ஆம் ஆண்டில் ஸ்டைனெம் தாமே ‘டைம்’ இதழுக்குக் கடிதம் எழுதி, அந்தப் பெருமை டன்னுக்கு உரியது என்று தெரிவித்தார். தமக்கு வந்து சேர்ந்த புகழைத் திருப்பிக் கொடுத்த அந்தக் கடிதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பெண்களும் மனிதர்களே என்னும் தீவிரமான எண்ணத்துக்குத்தான் பெண்ணியம் என்று பெயர் என்ற வாசகமும், 1986-இல் மேரி ஷியர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், பெண்ணிய அகராதி ஒன்றுக்கான மதிப்புரையில் எழுதியது. பிறகு வெகுகாலம் அவர் மதிப்புரை எழுதிய அகராதியின் தொகுப்பாசிரியர்களுக்கே அது உரியதாகக் காட்டப்பட்டது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு போக்கு தெரிகிறது. அதிகம் அறியப்படாத பெண் ஒருத்தி நல்ல வாக்கியம் ஒன்றை எழுதுகிறாள். வாக்கியம் புகழ் பெறுகிறது. புகழ் பெற்ற பிறகு அவளைவிடப் புகழ் பெற்ற ஒருவரின் பெயருக்கு அது போய்விடுகிறது. பெண்களின் உழைப்புக்குப் பெயரும் கூலியும் கேட்டு எழுந்த ஓர் இயக்கத்தின் முழக்கங்களுக்கே இப்படி நேர்வதால்தான், இந்தத் தேடலைப் பொழுதுபோக்கு என்று நான் நினைப்பதில்லை.

பெயர் தெரியாதபோது

சான்று கிடைக்காதபோது என்ன செய்வது என்பதற்குச் சங்க இலக்கியத்தைத் தொகுத்தவர்களே நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். குறுந்தொகையின் 40-ஆம் பாடலைப் பாடியவர் பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதைக் கபிலர் தலையிலோ பரணர் தலையிலோ கட்டுவது எளிதாக இருந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யாமல், பாடலுக்குள் இருந்த தொடரையே எடுத்துச் ‘செம்புலப் பெயனீரார்’ என்று பெயரிட்டார்கள். அணிலாடு முன்றிலாரும் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அவ்வாறு வந்த பெயர்களே. தெரியாததைத் தெரியாதது என்றே வைத்து, ஆக்கியவருக்கு உரிய இடத்தையும் காலியாக விட்டுவைத்த பண்பு அது. பள்ளிச் சுவரில் ஒரு வாசகத்தின் கீழே பெயர் இல்லாமல் இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. ‘வழக்கில் உள்ள வாசகம்’ என்று எழுதினால் போதும்.

மூலம் தெரிந்தால் வாசகத்தையே வேறு கண்ணோடு பார்க்க முடிகிறது. மெக்கைவர் பேசியது யாரிடம்? வரிப்பணத்தை ஒதுக்கும் அதிகாரம் பெற்றிருந்த ஆண்களிடமும் மகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய தந்தையரிடமும். அவர்களை இணங்கவைக்க, ‘உங்கள் குடும்பத்துக்கும் இதில் பயன் உண்டு’ என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சூழலில் அது திறமையான வாதம். அதன் பயனாக ஒரு கல்லூரியே எழுந்தது. ஆனால் பேரணாம்பட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி இன்று அதே வாசகத்தைத் தினமும் பார்க்கும்போது, தான் படிப்பது தனக்காக அல்ல, பின்னால் வரப்போகும் குடும்பத்துக்காகத்தான் என்னும் செய்தியும் அதில் அவளுக்குப் போய்ச் சேர்கிறது. அவளுடைய அண்ணனிடம் எந்தச் சுவரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை.

இதற்கு மறுமொழி வேலூருக்குள்ளேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் அது. 1947 வரை அங்கே ஆண்கள் மாணவர்களாகச் சேர்க்கப்படவில்லை. ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் இறந்துகொண்டிருந்த காலத்தில், பெண்கள் மருத்துவர்களாக வேண்டும் என்னும் தேவையின் மேல் எழுந்த பள்ளி அது. அங்கே படித்தவர்கள் கற்றது, கத்தியும் ஊசியும் மருந்தும் கொண்டு தாமே செய்ய வேண்டிய ஒரு தொழில். நல்ல தாயாவார்கள் என்று சொல்லி அதற்கு நியாயம் தேட வேண்டியிருக்கவில்லை. சுவரில் எழுதுவதற்கு அந்த 1918-ஆம் ஆண்டும் பொருத்தமானதே; அதற்குச் சான்றும் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

அந்த வாசகம் தமிழுக்கு எப்போது, எந்த வழியாக வந்தது என்பது தமிழ் படித்தவர்களே செய்ய வேண்டிய தேடல். 1905-இல் பாரதியார் ஆசிரியராக இருந்த ‘சக்கரவர்த்தினி’ போன்ற மகளிர் இதழ்கள், 1925-இல் தொடங்கிய ‘குடி அரசு’, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்நூலகம் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ‘ஸ்திரீ கல்வி’, ‘பெண் கல்வி’, ‘மாதர் கல்வி’ என்று அந்தந்தக் காலத்துச் சொல்லைக் கொண்டு தேட வேண்டும். இன்றைய எழுத்துமுறையில் மட்டும் தேடினால் பழைய அச்சு அகப்படாது. கிடைத்த ஒவ்வொரு வடிவத்தையும் ஆண்டு, இதழ், பக்கம், அதன் கீழுள்ள பெயர் ஆகியவற்றோடு அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிழைபோல் தோன்றுவதையும் திருத்திவிடாதீர்கள். அந்தப் பிழை வேறோர் இதழில் மறுபடி தென்படலாம். வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கும் பழைய பள்ளி மலர்களையும் விட்டுவிட வேண்டாம். சுவருக்குப் போகும் வாசகங்களில் பல, முதலில் அங்கேதான் அச்சாகியிருக்கும்.